வாங்கிய வீட்டில் பாசி பிடித்த நீச்சல் குளம்: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலையில் பூட்டிக் கிடந்த வீடுகள் கைமாறும்போது எனக்கு அழைப்பு வரும். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்திருப்பார்கள். பின்பக்கம் போனால் குளம். பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். தென்னம்பாளையும் வேப்பிலையும் ஊறிக் கிடக்கும். வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "தம்பி, மொத்தத்தையும் இறைச்சுட்டுப் புதுத் தண்ணி விட்டா சரியாயிடும்ல?"

வேண்டாம் சார் என்பேன். முக்கால்வாசிக் குளங்களை உள்ளே இருக்கிற தண்ணீரை வைத்தே மீட்டுவிடலாம். இறைத்துக் கொட்டுவதுதான் இந்த வேலையிலேயே அதிக ஆபத்தான காரியம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். உங்கள் குளத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

மோட்டார் அறையின் மெயின் சுவிட்சை அணையுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் எர்த் கம்பி அரித்துப் போயிருக்கும், குளத்து விளக்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். மின்கசிவு வந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் தண்ணீரில் யாரும் கைகூட வைக்கக் கூடாது.

அடி தெரியாத குளத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கயிறு கட்டினால் போதாது. வேலை முடியும்வரை சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தகரமோ வலையோ அடியுங்கள்.

ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்) கூடை, மோட்டார் குழி இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். தண்ணீர்ப் பாம்பு அங்கேதான் சுருண்டிருக்கும். நல்ல பாம்பும் இருந்திருக்கிறது. பாம்பைக் கண்டால் விலகி நின்று 101-க்குச் சொல்லுங்கள், தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பிடித்துப் போவார்கள்.

அடுத்து, குளத்தின் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 25 அடி நீளம், 12 அடி அகலம், ஆழம் 3 அடியிலிருந்து 5 அடி என்றால் சராசரி ஆழம் 4 அடி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 34,000 லிட்டர். இனி வரும் அளவெல்லாம் இந்தக் குளத்துக்கானது. உங்கள் குளத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்துடன் வரும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். குளோரின், பி.எச். (அமில-காரத் தன்மை), ஆல்கலினிட்டி (பி.எச்.-ஐ நிலையாக வைப்பது), கால்சியம் கடினத்தன்மை, சயனூரிக் அமிலம் (குளோரின் வெயிலில் போகாமல் காப்பது) ஐந்தும் அளக்க வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட் மொத்தக் குளோரினை மட்டும்தான் காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் சாயமே வெளுத்துப்போய், குளோரினே இல்லாததுபோலக் காட்டும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு குடிநீர் கலந்து அளந்து, ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் மூன்றை மறக்கவே கூடாது. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு வரும். ப்ளீச்சிங் பவுடர் வகைத் தூளும் டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரையும் ஒரே வாளியில், ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில்கூடச் சேரக் கூடாது; தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

## தண்ணீர் கரும்பச்சை, அடி தெரியவில்லை

என்னைக் கூப்பிடுவதில் பெரும்பாலும் இதுதான்.

கொசுப்புழு நெளிகிறதா? அப்படியானால் முதலில் அதைக் கவனியுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இன்றைக்கே குளோரின் போடப் போகிறீர்கள் என்றால் தனி மருந்து தேவையில்லை. மோட்டார் பழுது பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு கம்பூசியா மீன் வாங்கி விடுங்கள். வேலை தொடங்கும் முன் வலைபோட்டுப் பிடித்து ஒரு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். மண்ணெண்ணெயோ பழைய எண்ணெயோ ஊற்றாதீர்கள். அது ஃபில்டர் மணலில் படிந்தால் மணலையே மாற்ற வேண்டிவரும்.

மோட்டார் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் கீழே மோட்டார் பகுதியைப் பார்த்து அதை முதலில் சரிசெய்யுங்கள். தண்ணீர் சுழலாமல் குளோரினைக் கொட்டுவது வீண் செலவு.

ஓடுகிறது என்றால் வேலையின் வரிசை இப்படி.

முதல் நாள் முழுக்க வலைதான். நீளக் கம்பில் ஆழ்ந்த பை வலை மாட்டி, அடியோடு அடியாக இழுத்து இலை, மட்டை, செத்த தவளை எல்லாவற்றையும் அள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். வலை கனத்து இழுபடும் இடத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இந்த ஒரு நாளைச் சோம்பலில் விட்டவர்கள் பிறகு குளோரினுக்கு இரண்டு மடங்கு செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். பாசியைவிட அழுகிய இலைதான் குளோரினை அதிகம் தின்னும். வேக்யூம் குழாயை இப்போது போடாதீர்கள், இலை போய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள் பி.எச். பாருங்கள். 7.2-லிருந்து 7.4-க்குள் இருந்தால் குளோரின் நன்றாக வேலை செய்யும். அதிகமாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு முறைக்கு 250 மில்லி என்ற அளவில், வாளித் தண்ணீரில் கலந்து, மோட்டார் ஓடும்போது ஓரமாகச் சுற்றி ஊற்றி, நான்கு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பார்த்துப் போடுங்கள்.

அன்று வெயில் சாய்ந்த பிறகு குளோரின். நான் திரவக் குளோரினைத்தான் விரும்புகிறேன். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 3.5 லிட்டர் போட்டால் 34,000 லிட்டரில் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) வரும். கிடைக்காத இடத்தில் 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் அரை கிலோவை வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றலாம். நம் ஊர் வெயிலில் திரவக் குளோரின் கேனிலேயே வீரியம் இழந்துவிடும். மாதக்கணக்கில் கடையில் நின்ற கேனை வாங்காதீர்கள், வாங்கியதை வெயிலில் வைக்காதீர்கள். டி.சி.சி.ஏ. மாத்திரை இந்த வேலைக்கு ஆகாது. மெதுவாகக் கரையும், சயனூரிக் அமிலத்தையும் ஏற்றிவிடும்.

குளோரின் போட்டதும் சுவர், படி, ஏணிக்குப் பின்பக்கம் எல்லாம் பிரஷ் போட்டுத் தேயுங்கள். பாசியின் மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அது கிழிந்தால்தான் மருந்து உள்ளே போகும். மோட்டார் இரவு பகலாக ஓடட்டும். பிரஷர் மீட்டரில் முள் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டர் மணலைக் கழுவுங்கள். முதல் இரண்டு நாள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைகூட வரும்.

காலையும் மாலையும் அளந்து, குறைந்ததை ஈடுகட்டி 10-க்கு ஏற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் கரும்பச்சையிலிருந்து இளம்பச்சைக்கும், அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்துக்கும் வரும். அந்த நிறம் வந்தால் பாசி செத்துவிட்டது என்று பொருள். இரவில் ஒரு முறை, விடிவதற்குள் ஒரு முறை அளந்து பாருங்கள். ராத்திரியில் 1 பி.பி.எம்.-க்கு மேல் குறையவில்லை என்றால் இனிக் கூடுதல் குளோரின் தேவையில்லை. ஐந்து நாளில் முடிந்த குளமும் உண்டு, பன்னிரண்டு நாள் இழுத்ததும் உண்டு.

எவ்வளவு போட்டாலும் குளோரின் நிற்கவில்லையா? அடியில் இன்னும் இலை இருக்கிறதா என்று மறுபடி வலை போடுங்கள். இல்லை என்றால் சயனூரிக் அமிலத்தை அளங்கள். 30-லிருந்து 50 பி.பி.எம். வரை இருப்பது நல்லது. முன்னால் இருந்தவர்கள் வருடக்கணக்கில் மாத்திரை போட்டிருந்தால் 100-ஐத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் 10 பி.பி.எம். குளோரின் பாசியை அசைக்காது. இதற்கு மருந்து கிடையாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி.

வெள்ளையாகி, அதற்கு மேல் தெளியவில்லையா? படிகாரம் போடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் இந்தக் குளத்துக்கு 850 கிராம். பி.எச். 7-க்குக் கீழே இருக்கக் கூடாது. வாளியில் கரைத்துச் சுற்றி ஊற்றி, ஃபில்டர் மேல் தண்ணீரின் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை ரீசர்குலேட்டில் (ஃபில்டருக்குள் போகாமல் சுழலும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டி, மோட்டாரை நிறுத்திவிட்டு விடியும்வரை தொடாமல் விடுங்கள். ஃபில்டர் வழியாக ஓட்டினால் மணல் அடைத்துக்கொள்ளும்.

காலையில் பார்க்க மனசு நிறைந்துவிடும். மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் சாம்பல் நிறப் பஞ்சு விரித்ததுபோல ஒரு படிவு. அப்போது ஆர்வத்தில் குளத்தில் இறங்கிவிடாதீர்கள். வால்வை வேஸ்ட்டில் (தண்ணீரை வெளியே விடும் நிலை) வைத்து, வேக்யூம் தலையைத் தரையோடு ஒட்டி, ஓர் அடி நகர மூன்று நான்கு விநாடி ஆகும் வேகத்தில் தள்ளுங்கள். கொஞ்சம் அவசரப்பட்டால் பஞ்சு புகைபோல எழும்பிவிடும், மறுபடி அரை நாள் காத்திருக்க வேண்டும். ஓரிரு அங்குலத் தண்ணீர் வெளியே போகும். பரவாயில்லை.

எப்போது இறைத்தே ஆக வேண்டும்? அடியில் அரை அடிக்கு மேல் சேறு, கழிவுநீர் கலந்திருப்பது, பெரிய விலங்கு செத்து அழுகியது. இந்த மூன்றுக்குத்தான்.

இங்கே வேலை தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கோவளம் பக்கத்தில் ஒரு வீடு. தீபாவளி மழை விட்ட இரண்டாம் நாள், யாரையோ வைத்து ஒரே ராத்திரியில் குளத்தைக் காலி செய்துவிட்டார்கள். மறுநாள் மாலை அவர்கள் என்னைக் கூப்பிட்டபோது ஆழப் பக்கத்துத் தரை நான்கு விரல் அளவு எழும்பியிருந்தது. சுவரும் தரையும் சேரும் மூலையில் டைல்ஸ் வரிசையாகப் பிளந்து, அந்தப் பிளவு வழியே மண் கலந்த தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் தரையிலிருந்து மூன்று அடிதான். மணல் பூமியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குளம் காலியானால் அந்த நீர் கான்கிரீட் தொட்டியைப் படகுபோலத் தூக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அழுத்தி வைத்திருந்தது. அந்தக் குளத்தை உடைத்துத்தான் திரும்பக் கட்டினார்கள்.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பேச்சே வேண்டாம். கோடையில், கிணற்று நீர்மட்டம் குளத்தின் அடியைவிடக் கீழே இருப்பதைப் பார்த்த பிறகு, குளத்தின் அடியில் தண்ணீரை இழுக்கும் மெயின் டிரெயினில் ஹைட்ரோஸ்டாடிக் வால்வு (நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைப்பது) இருக்கிறதா என்று பார்த்து, வேலை தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். காலிக் குளத்தை வெயிலில் காயவிட்டால் டைல்ஸ் விடும், வேலை முடிந்த அன்றே நிரப்பத் தொடங்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் மூன்று லாரி. குளோரின் போடாத பாசித் தண்ணீர் தென்னைக்கு நல்லது, பாய்ச்சிவிடுங்கள். குளோரின் போட்டதை நாலைந்து நாள் வெயிலில் விட்டு, கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகே வெளியேற்றுங்கள். முட்டுக்காடு கழிமுகத்துக்குப் போகும் வாய்க்காலில் குளோரின் தண்ணீரை விட்டு மீனைக் கொல்ல வேண்டாம்.

## பச்சைதான், ஆனால் அடி பளிச்சென்று தெரிகிறது

இது பாசியாக இருக்காது, செம்பு. பாசிக்கு மயில்துத்தம் (செம்பு உப்பு) போடும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. அது தண்ணீரில் தங்கியிருக்கும்போது குளோரின் போட்டால் மரகதப் பச்சையாகிவிடும். டைல்ஸ் இடுக்கில் நீலக்கறை, வெளிர் முடியில் பச்சை நிறம் இதற்கு அடையாளம். குளோரினைக் கூட்டினால் மோசமாகும். பி.எச்.-ஐ 7.2-க்குக் கொண்டுவந்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மயில்துத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

## குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் காப்பி நிறம்

போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாகத் திரியும். உறுதிசெய்ய ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து இரண்டு மூடி குளோரின் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். வாளி பழுப்பானால் சந்தேகமே இல்லை. குளம் நிரப்புவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் எவ்வளவோ செலவு மிச்சம்.

தீர்வு மேலே சொன்ன அதே படிகாரம்தான். துருவையும் பிடித்துக்கொண்டு இறங்கும். தரையில் ஏற்கெனவே கறை விழுந்திருந்தால் மருந்துக்கடையில் விற்கும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறைமேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்புக்கறை. அதே பொருளைப் பெரிய அளவில், குளோரின் குறைவாக இருக்கும்போது போட்டுக் கறையை எடுக்கலாம். அதற்குப் பூல் மருந்து விற்பவரிடம் அளவு கேளுங்கள். இனிமேல் குறைகிற தண்ணீருக்கு லாரித் தண்ணீர்தான்.

## பாசி போயும் தண்ணீர் மங்கல்

முதலில் ஃபில்டர் ஓடும் நேரம். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் தெளியாது. குளத்து நீர் முழுவதும் ஒரு சுற்று வர வீட்டுக் குளங்களில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும், அவ்வளவாவது ஓட வேண்டும். அடுத்து பி.எச். 7.8-க்கு மேல் போனால் கால்சியம் பிரிந்து பாலாகும். அடுத்தது கடினத்தன்மை. 200-லிருந்து 400 பி.பி.எம். வரை சரி. நம் கடற்கரைப் போர் தண்ணீர் இதை எளிதில் தாண்டும். மழைநீரைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. மழை வருமுன் மூன்று நான்கு அங்குலம் குறைத்து வைத்தால் செலவில்லாமல் நீர்த்துப்போகும். கடைசியாகத்தான் மணல். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. மூடியைத் திறந்து கையை விட்டால் உதிரியாக இருக்க வேண்டும். களிமண் உருண்டைபோலக் கட்டியிருந்தால் மாற்றுங்கள். 0.5 மி.மீ. அளவில் சலித்த சிலிக்கா மணல்தான் வேண்டும், கட்டட மணல் ஆகாது.

## மோட்டார்

'ம்ம்ம்' என்ற சத்தம் மட்டும், சுற்றவில்லை. உடனே அணையுங்கள், விட்டால் காயில் எரியும். மின்சாரத்தைத் துண்டித்து, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றித் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் கண்டன்சர் போயிருக்கிறது. சில நூறு ரூபாய் சமாசாரம். ஆனால் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், எலெக்ட்ரீஷியன் மாற்றட்டும். இறுகி இருந்தால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் வேப்பங்கொட்டை மாட்டியிருக்கலாம், துருப் பிடித்திருக்கலாம், இல்லை பேரிங் போயிருக்கலாம். முதலிரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதுக்கு மெக்கானிக்கிடம் போங்கள்.

சுற்றுகிறது, தண்ணீர் இழுக்கவில்லை. குளத்து நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயில் பாதிக்கு இருக்கிறதா? ஸ்ட்ரெய்னர் கூடை காலியா? கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மூடினீர்களா? மூடியின் ஓ-ரிங் வெடித்திருக்கிறதா? இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லைன் தடவினால் ரப்பர் ஊதிவிடும். வெறுமனே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கல் சீல் கருகிவிடும்.

குளத்துக்குள் வரும் குழாயில் காற்றுக் குமிழி. இழுக்கும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஷேவிங் நுரை தடவிப் பாருங்கள்; நுரை உள்ளே குழியும் இடம்தான். மண்ணுக்குள் இருக்கும் குழாய் என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும்.

போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவி வைத்துப் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் வேண்டும். ஆர்.சி.சி.பி.-யைத் தவிர்த்து நேராக ஒயர் கொடுக்கிறேன் என்று எவராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

## பிரஷர் மீட்டரும் வால்வும்

ஒரு விதி முதலில்: மோட்டார் ஓடும்போது மல்டிபோர்ட் கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே சக்கரம்போல் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

சுத்தமான மணலில் முள் எங்கே நிற்கிறதோ அதை மீட்டர் மேலேயே எழுதி வையுங்கள். அதற்கு மேல் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ். பேக்வாஷ் செய்தும் இறங்கவில்லை என்றால் மணல் கட்டிவிட்டது. முள் வழக்கத்தைவிடக் கீழே இருந்தால் அடைப்பு ஃபில்டருக்கு முன்னால், கூடையிலோ இம்பெல்லரிலோ. மோட்டாரை நிறுத்தியும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் மீட்டரே பழுது.

குளத்தில் வெள்ளை மணல் கொட்டுகிறதா? ஃபில்டருக்கு அடியில் இருக்கும் விரல் போன்ற லேட்டரல் குழாய் உடைந்திருக்கிறது. எல்லா மணலையும் அள்ளித்தான் மாற்ற முடியும், ஒரு நாள் வேலை. ஃபில்டர் நிலையில் ஓடும்போது வேஸ்ட் குழாயில் தண்ணீர் வடிந்தால் அந்தக் கேஸ்கெட்தான்.

## டைல்ஸில்

நீர்மட்டக் கோட்டில் வெள்ளைப் பொருக்கு: ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்கல்லால் (பியூமிஸ்) தேய்க்கலாம். ஆசிட்டைக் கடைசியாக, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீரில் கலந்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.

கறுப்புப் புள்ளிகள், தேய்த்தால் தலை மட்டும் போய் மறுபடி வருகிறது: கறுப்புப் பாசி. டைல்ஸ் இடுக்குப் பூச்சான கிரவுட்டுக்குள் வேர் விட்டிருக்கும். கம்பி பிரஷ்ஷால் கீறிக் குளோரின் ஏற்றி வைப்பதை இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றோசை கேட்கும் டைல்ஸை சாக்பீஸால் குறியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சுவரே அப்படிக் கேட்டால் பின்னால் வாட்டர்ப்ரூஃபிங் விட்டிருக்கிறது, அது பெரிய வேலை.

மெயின் டிரெயின் மூடி உடைந்தோ காணாமலோ இருந்தால் அது புதிதாகப் போடும்வரை ஒருவரையும் குளத்தில் விடாதீர்கள். அந்த இழுவிசையில் ஒரு குழந்தையின் முடியோ கையோ சிக்கினால் பெரியவரால்கூட இழுத்து எடுக்க முடியாது.

## கண் எரிகிறது, குளோரின் நெடி அடிக்கிறது

குளோரின் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடுவார்கள். பெரும்பாலும் குறைந்ததால் வரும் நெடி அது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வேலை முடிந்துபோன குளோரின்தான் மணக்கும். மாலையில் 10 பி.பி.எம். ஏற்றி, மூடாமல் விட்டு, 3-க்கு இறங்கிய பிறகு குளியுங்கள். பி.எச்.-உம் பாருங்கள். ஆல்கலினிட்டி 80-க்குக் கீழே போனால் பி.எச். நிலையில் நிற்காது. ஆப்பசோடா 570 கிராம் போட்டால் 10 பி.பி.எம். ஏறும். 80-லிருந்து 120 வரை போதும்.

## தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

பயப்படுவதற்கு முன் வாளிச் சோதனை. படியில் ஒரு வாளியை வைத்து, குளத்து நீர்மட்டத்துக்குச் சமமாக அதில் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் வெறும் ஆவி. சித்திரை வெயிலில் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே போகும். குளம் அதிகமாகக் குறைந்திருந்தால்தான் கசிவு. இந்தக் குளத்தில் ஓர் அங்குலம் என்பது 700 லிட்டர்.

சோதனையை மோட்டார் ஓடும்போது ஒரு நாள், நிறுத்திவிட்டு ஒரு நாள் செய்யுங்கள்.

ஓடும்போது மட்டும் அதிகம் குறைகிறது: தண்ணீர் திரும்பும் குழாயில் விரிசல், அல்லது வேஸ்ட் குழாய் வழியே போகிறது. வேஸ்ட் வாயைப் பாருங்கள், அது செலவில்லாதது. காய்ந்திருந்தால் குழாய்க்குப் பிரஷர் சோதனை செய்யும் ஆளைக் கூப்பிடுங்கள். தோராயமாகத் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

நிறுத்தினாலும் அதே அளவு குறைகிறது: குறையட்டும் என்று விட்டு, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதை மழைக்காலத்தில் செய்யக் கூடாது. கோடையிலும் ஓரிரு அடிக்கு மேல் இறங்க விடாதீர்கள். ஸ்கிம்மர் வாயில் நின்றால் ஸ்கிம்மருக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் இடைவெளி. விளக்கு மட்டத்தில் நின்றால் விளக்கு. நிற்காமல் இறங்கினால் தரை அல்லது மெயின் டிரெயின்.

போன கோடையில் உத்தண்டியில் ஒரு பெரியவர் வீடு. குளம் முழுக்க டைல்ஸை உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும் என்று ஓர் ஆள் அவரிடம் மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார். தண்ணீர் நின்றது விளக்கின் மேல்விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. குளத்தை ஸ்கிம்மர் வாய்வரை திரும்ப நிரப்பினோம். மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்துவிட்டு, குளத்து நீர் அசையாமல் இருக்க மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சிவப்புக் கேசரிப் பவுடர் கரைசலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்கிம்மர் பக்கம் விட்டது மேகம்போல அங்கேயே நின்றது. விளக்குக் குழியின் பின்னால், ஒயர் போகும் பைப்பின் வாயருகே ஒரு சொட்டு விட்டதும், அது நூல் மாதிரி நீண்டு துளைக்குள் போனது. கூட இருந்த பையன், "அண்ணே, உள்ள இழுக்குது!" என்று கத்தினான். தண்ணீருக்கடியில் இறுகும் எபாக்ஸிப் பிசின் ஒரு பொட்டலத்தைப் பிசைந்து அந்தப் பைப் வாயை அடைத்தோம். மறுநாள் வாளியும் குளமும் சமமாக நின்றன.

சாயம் எங்கும் இழுபடவில்லை, ஆனாலும் வாளிக் கணக்கு உதைக்கிறது என்றால் கசிவு தரையிலோ மெயின் டிரெயின் பைப்பிலோ இருக்கிறது. அங்கே உங்கள் வேலை முடிந்தது. கட்டுமானம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, நீங்கள் குறித்து வைத்த வாளிக் கணக்கையும், மோட்டார் ஓடிய நாள், ஓடாத நாள் அளவுகளையும், கிணற்று நீர்மட்டத்தையும் அவர் கையில் கொடுங்கள். அவர் வரும்வரை நீர்மட்டத்தை லாரித் தண்ணீர் ஊற்றியாவது பாதிக்கு மேல் வைத்திருங்கள்.